நிலுவையில் ஓர் ஐகாரம்

நேற்று எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் எங்கள் டிரஸ்ட் நடத்தும், சீட்டுக்கு மட்டும் ஐந்து ரூபாய் வாங்கும் சின்ன இலவச ஆஸ்பத்திரியின் வரவு செலவுத் தாளைத் தெலுங்கிலிருந்து தமிழாக்கி வாசலில் ஒட்ட வேண்டும்.

"பிள்ளைங்களுக்கே புரியற மாதிரி எழுதறவரு நீங்க. உங்களை விட்டா யாரு சார்?" என்றார் செயலாளர் ரெட்டப்பா.

இருபது வருடமாகச் சிறுவர் பத்திரிகையில் ல, ள, ழ வித்தியாசம் சொல்லித் தருகிறவன் நான். அந்தக் கர்வத்தில் பேனாவை எடுத்தேன்.

கடைசி வரியில் தெலுங்கில் 'நிலுவ: ஒரு லட்சம்' என்றிருந்தது. ஓர் ஐகாரம்தான் குறைகிறது என்று சேர்த்தேன். 'நிலுவை: ஒரு லட்சம்.' ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

தெலுங்கில் நிலுவ என்றால் கையிருப்பு. தமிழில் நிலுவை என்றால் பாக்கி. டீ தீரும்வரை இது எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி வந்தால் வாசலில் கூட்டம். முன்னால் விசைத்தறி முனுசாமி.

"லட்ச ரூபா கடன் வச்சிக்கினு ஃபேன் மட்டும் ஜோரா சுத்துது பாரு."

அதற்குள் செய்தி பஸ் ஏறித் திருப்பதிக்கே போய்விட்டது. அங்கிருந்து எங்களுக்குக் கடனில் மருந்து தரும் கடைக்காரர், எதிர் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்தார். "இனிமே கடன் கிடையாது. ரொக்கம் வந்தாதான் சர்க்கரை மாத்திரைப் பெட்டி."

விடிந்தால் சர்க்கரை நோயாளிகள் அறுபது பேர் வருவார்கள். அலமாரியில் இருந்தது ஒரே ஒரு அட்டை.

பேங்க் டெபாசிட் ரசீதை எடுத்துக்கொண்டு திருப்பதி பஸ்ஸில் நின்றபடியே போனேன். கடைக்காரர் ரசீதைப் பார்த்தார். என் கதையைக் கேட்டார். பெட்டியை எடுத்து வைத்தார்.

"மீரு டீச்சரா?"

"இல்லைங்க. பிள்ளைங்க பத்திரிகைல எழுதறேன்."

"பாபம், பில்லலு." பிள்ளைகள் பாவமாம்.

பெட்டியோடு திரும்பினேன். முனுசாமி தெருவில் வசூல் பண்ணிய நூற்றெண்பது ரூபாயை நீட்டினார். "முதல்ல இதைக் கட்டு சார்."

பெட்டியைக் கீழே வைத்தேன். "கடன் இல்லப்பா. அவ்வளவும் நம்ம இருப்பு."

ரூபாய் அவர் சட்டைப் பைக்கே திரும்பியது. "லட்ச ரூபா வச்சிக்கினுதான் சீட்டுக்கு அஞ்சு ரூபா புடுங்கினீங்களா?"

"பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற நம்ம ஊர்ப் பசங்கதான் பணம் அனுப்பறாங்க. அது நின்னுட்டா ஆறு மாசத்துக்கு மருந்து வாங்கணும். அதுக்குத்தான் இது."

"அதை அப்பிடியே எழுதறதுக்கு இன்னா?"

நியாயம்தான். புதுத் தாளில் எழுதினேன்: 'ஆறு மாத மருந்துக்குக் கையிருப்பு உள்ளது.'

இன்று காலை அறுபது பேரும் ஆளுக்கொரு துணிப்பையோடு வந்து, ஆறு மாத மாத்திரையையும் ஒரே தடவையில் கேட்டார்கள்.

ரெட்டப்பா தாளைக் கிழித்தார். "அடுத்த வருஷம் நம்பரை மட்டும் போடுங்க சார். எழுத்து வேணாம்."