கப்பல் சார் வைக்காத கதவு

தென்சென்னையில் கப்பல் சாரைவிட அதிகம் பேரைக் கொன்ற மனிதர் இருக்க முடியாது. என்னையே பலமுறை கொன்றிருக்கிறார். ஒருமுறை மூச்சுத் திணற வைத்து, ஒருமுறை உறைய வைத்து, ஒருமுறை சமையலறையோடு சேர்த்து வெடிக்க வைத்து. கொன்றுவிட்டு, "டீ சொல்லட்டுமா மேடம்?" என்று கேட்பார்.

யாரும் பதற வேண்டாம். எல்லாம் விண்வெளியில் நடந்தவை.

தி.நகரில், உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் ஒரு பில்டர் ஆபீஸில் நான் ஃபிளாட் விற்கும் பிரிவில் இருந்தேன். கப்பல் சார் அங்கே பிளான் வரைகிறவர். பகலெல்லாம் இரண்டு பெட்ரூம், ஒரு பூஜை அலமாரி, துணி காயப்போட ஒரு பால்கனி. ஆபீஸ் முடிந்ததும் விண்கப்பல். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

அந்தக் கப்பல்கள் ஒரு விளையாட்டுக்கானவை. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வோம். கப்பல் சார் கதையை நடத்துவார். "கதவுக்குப் பின்னாடி புகை வருது, என்ன பண்ணப்போறீங்க?" என்பார். நாங்கள் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். நான் கப்பலின் டாக்டர். மந்தைவெளியில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில், ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, நாங்கள் கிரகம் விட்டுக் கிரகம் சரக்கு ஏற்றிப்போய் வழியில் செத்துக்கொண்டிருந்தோம்.

விளையாட்டோடு வந்த வெளிநாட்டுப் புத்தகத்தில் கப்பல் படங்கள் உண்டு. சாருக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. "இத்தனை பேர் போற கப்பல்ல பாத்ரூம் எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்" என்று சண்டைக்கு வருவார். அதனால் தானே வரைய ஆரம்பித்தார். இணையத்தில் போட்டார். முகம் தெரியாத தேசங்களில் ரசிகர்கள் முளைத்தார்கள். ஒரு ரசிகர் அவர் வரைந்த கப்பலைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். சார் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "தலைகீழா மாட்டியிருக்கான். வடக்கு கீழ போயிடுச்சு" என்றார். விண்வெளியில் வடக்கு ஏது என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

சார் தங்கியிருந்தது திருவல்லிக்கேணியில், தனி ஆண்கள் வாடகைக்குத் தங்கும் மேன்ஷன் ஒன்றில். ஒரு கட்டில், ஒரு மேஜை, பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்த ஒரு ஜன்னல். அவர் கப்பல்களில் சமையற்காரனுக்கு ஒதுக்கிய அறைகூட அதைவிடப் பெரிது.

வடபழனியில் ஆபீஸ் தோழி ஒருத்தியின் கல்யாணம். கெட்டிமேளம் முழங்க எல்லாரும் அட்சதை போடுகிறார்கள், இவர் மட்டும் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். மேளம் நின்ற நொடியில், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, "தீப்பிடிச்சா இங்க பாதிப் பேர் காலி மேடம்" என்றார். பெண்ணின் பெரியப்பா எங்கள் பந்திக்குப் பாயசம் வரவிடாமல் பார்த்துக்கொண்டார்.

அந்தோணி எங்களிடம் வந்து சேர்ந்த கதை தனி. ஒருநாள் நானும் சாரும் வாடகைக் காரில் போகும்போது, என்னை ஏன் மறுபடி கொன்றார் என்று அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். டிரைவர் வெகுநேரம் பொறுத்திருந்துவிட்டு, அடையாறு சிக்னலில் திரும்பினான்.

"சார், ஒரு டவுட்டு. அந்தக் கப்பலுக்கு ரிவர்ஸ் கியர் கீதா?"

சார் ஆடிப்போனார். இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. அடுத்த ஞாயிறு அந்தோணிதான் எங்கள் பைலட்.

பட்டினப்பாக்கத்துக்காரன். அம்மா மீன் விற்பவர். என்னை அக்கா என்றும், சாரை நைனா என்றும் கூப்பிடுவான். விளையாட்டில் அவனுக்கு இருந்தது ஒரே கொள்கை: ஆபத்து என்றால் முதலில் ஓடுவது. "வண்டி போனா வேற வண்டி வரும் நைனா" என்று சொல்லிவிட்டு, தப்பிக்கும் படகில் ஏறிப் போய்க்கொண்டே இருப்பான். நாங்கள் பின்னால் கருகிக்கொண்டிருப்போம். சார் போட்ட எந்தக் கப்பலாலும் அவனைக் கொல்ல முடியவில்லை.

அது சாருக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. மதியச் சாப்பாட்டைக்கூட மறந்து ஒரு கப்பல் வரைந்தார். தப்பிக்கும் படகு கிடையாது. ஒரே கதவு, அதுவும் வால்பக்கம். பைலட் சீட்டோ மூக்கு நுனியில். "இப்ப ஓடட்டும், பாக்கறேன்" என்று என்னிடம் காட்டிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்த ஞாயிறு கப்பலின் நடுவில் தீப்பிடித்தது. நாங்கள் வால்பக்கம் இருந்ததால் தப்பினோம். அந்தோணி முன்னால் மாட்டிக்கொண்டான். பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதற்குள் டியூஷன் சென்டர்காரர் பூட்டுச் சாவியோடு வந்து நின்றுவிட்டார்.

"அடுத்த வாரம் வந்து பாத்துக்கறேன் நைனா. அதுவரிக்கும் என்னைச் சாவடிச்சிடாத" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். எல்லாரும் சிரித்தோம்.

வாரத்தின் நடுவில் போய்விட்டான். சவாரி போய்க்கொண்டிருந்தபோது மார்வலி. வண்டியை ஓரம்கட்டி, எஞ்சினை அணைத்து, "வேற வண்டி புடிச்சிக்கோங்க மேடம், ஒரு மாதிரி கீது" என்றானாம். பின்சீட்டிலிருந்த பெண் ஆட்களைக் கூப்பிட்டு ஓடிவருவதற்குள் முடிந்துவிட்டது. நாற்பது வயதுகூட ஆகவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் கப்பல் சார் கடைசி வரிசையில் நின்றார். எல்லாரும் கலையும்போது அந்தோணியின் அம்மா எங்களிடம் வந்தார்.

"நீங்க அவன் கூட வேலை செய்றவங்களா?"

"இல்லம்மா. ஞாயித்துக்கிழமை கூட விளையாடறவங்க" என்றேன்.

அவர் சாரை மேலும் கீழும் பார்த்தார். "அந்தக் கப்பல்காரரு நீதானா? தீப்புடிச்ச கப்பல்ல மாட்டிக்கினேம்மான்னு சோறு துன்னும்போது சொல்லிச் சிரிச்சான். அப்பால இன்னா ஆச்சு? வெளிய வந்துட்டானா?"

கடலுக்குப் போனவர்களைக் கரையில் நின்று எதிர்பார்த்த குடும்பம். அந்தக் கேள்வியை அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. சாருக்கும் அது புரிந்தது. "பாத்துச் சொல்றேம்மா" என்றார்.

அதன்பின் ஞாயிறுகள் நின்றுபோயின. ஆபீஸில் ஒரு ஃபிளாட்டுக்குச் சமையலறையே இல்லாமல் பிளான் போட்டுக் கொடுத்து இன்ஜினியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு ஒருநாள் அவரே எங்களை டியூஷன் சென்டர் மாடிக்குக் கூப்பிட்டார். மேஜையில் அந்தக் கப்பல் விரிந்து கிடந்தது. அழிரப்பர் தேய்த்த இடங்களில் தாள் நைந்திருந்தது.

"எல்லா வழியும் பாத்துட்டேன். அவனால வெளிய வர முடியாது" என்றார்.

"நீங்க போட்ட கப்பல்தானே சார்? ஒரு கதவைச் சேர்த்துடுங்க" என்றேன்.

"ஆள் உள்ள மாட்டினதுக்கு அப்புறம் கதவு வைப்பாங்களா மேடம்? அது ஏமாத்து வேலை." அவர் அதட்டினார். ஆனால் கண் கலங்கியிருந்தது.

"அப்ப அந்த அம்மாகிட்ட என்ன சொல்லப்போறீங்க?"

சார் தாளைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். நானும் கூடப் போனேன்.

பட்டினப்பாக்கத்தில் வியாபாரம் முடிந்து, அந்தோணியின் அம்மா பலகையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார். சார் ஐஸ் பெட்டியின் மூடிமேல் பிளானை விரித்தார். ஆபீஸில் ஃபிளாட் வாங்க வருபவர்களுக்கு விளக்குவதைப் போலவே விளக்கினார். இது தீ. இது கதவு. இங்கேதான் உங்கள் பிள்ளை.

அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். "அவன் ஓடியாந்திருப்பாம்பா. சின்னதுலேர்ந்தே சண்டைன்னா முதல்ல ஓடறவன் அவன்தான்."

"இதுல ஓட வழி இல்லம்மா."

"ஏன் இல்ல?"

"நான் வைக்கல."

"ஏம்பா வைக்கல?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அந்த அம்மாளுக்கு நிஜமாகவே தெரியவில்லை, அதனால் கேட்டார். ஒரு கழிவுநீர்க் குழாயைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடிய மனிதர் தாளின் சுருண்ட ஓரத்தை நீவிவிட்டார். "விளையாட்டுக்குத்தாம்மா" என்றார் கடைசியில். உதடு கோணிக்கொண்டது.

பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன. சார் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். பென்சில் அல்ல, பேனா.

"எங்க வைக்கட்டும்மா?"

அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, குனிந்து பார்த்து, கப்பலின் மூக்குப் பக்கம் விரலை வைத்தார். "அவன் குந்திக்கினுகீற எடத்தாண்ட வை. கைக்கு எட்டற மாதிரி."

சார் கதவு வரைந்தார். கோடு நேராக வரவில்லை. அவர் வாழ்க்கையிலேயே போட்ட கோணல் கோடு அது ஒன்றாகத்தான் இருக்கும்.

"ஆச்சா?"

"ஆச்சும்மா."

"வந்துட்டானா?"

"வந்துட்டாம்மா."

அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு, விற்காமல் மிச்சமிருந்த சங்கரா மீனை ஒரு பையில் போட்டு, வேண்டாம் என்று சொல்ல இடம் கொடுக்காமல் சார் கையில் திணித்தார். சார் முட்டைகூடத் தொடாதவர். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மீன் தண்ணீர் சொட்டுச் சொட்டாக அவர் வேட்டி ஓரத்தை நனைத்தது. அந்தப் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி, வண்டி வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் ரோட்டில் இறங்கினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மேன்ஷன் வாசல் வரைக்கும் விடவில்லை.