கட் என்றால் வெட்டு

வாழ்நாளில் நான் ஒரே ஒரு படம்தான் இயக்கியிருக்கிறேன். அந்தப் படத்துக்குக் கிடைத்த பாராட்டு முழுவதும், நான் இயக்காமல் விட்ட பகுதிகளுக்குக் கிடைத்தது. இதை வெளியே ஒப்புக்கொள்ள எனக்கு ஒன்பது வருடம் ஆகியிருக்கிறது. (வீட்டில் ஒப்புக்கொள்ளும் அவசியமே வரவில்லை. யார் வந்தாலும் வீட்டில் இருப்பவர்களே சொல்லிவிடுகிறார்கள்.)

தேனியில் ஒரு கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் கடைசி வருடம். ப்ராஜெக்டுக்கு ஆளுக்கொரு குறும்படம் எடுக்க வேண்டும். அப்போது என்னிடம் ஒரு ஜோல்னாப் பையும், பாதி வளர்ந்த ஆட்டுத் தாடியும், உலக சினிமா பற்றிய ஏராளமான அபிப்பிராயங்களும் இருந்தன. படம் எடுக்கத் தெரியாது என்பதைத் தவிர வேறு எந்தக் குறையும் கிடையாது.

முதல் டிராஃப்டுக்கு நான் வைத்த பெயர் ‘ஈர மண்ணின் இறுதி மௌனம்’. இருபத்திரண்டு நிமிடம். அதில் ஒரு விவசாயி வானத்தைப் பார்ப்பார். பிறகு மண்ணைப் பார்ப்பார். பிறகு, முதல் தடவை எதையோ கவனிக்காமல் விட்டவர் போல, மறுபடியும் வானத்தைப் பார்ப்பார். விவசாயியாக நடித்தது மார்க்கையன்கோட்டையில் செவ்வாழை போட்டிருக்கும் என் முருகேசன் சித்தப்பா. சாதாரணமாக அவர் பேச ஆரம்பித்தால் பக்கத்துத் தோட்டத்து மோட்டார் சத்தம் காதில் விழாது. அப்படிப்பட்ட மனிதரை, “மண்ணே! நீ என்னை மறந்தாயா, நான் உன்னை மறந்தேனா?” என்று முனக வைத்திருந்தேன்.

“எந்தக் கிறுக்கன்டா தோட்டத்துல நின்னு இப்படிப் பேசுவான்?” என்று அவர் அப்போதே கேட்டார்.

“இது குறியீடு சித்தப்பா.”

“அப்படியா? நான் காச்சக்காரன் வசனம்னு நெனச்சேன்.”

முதல் ரிவ்யூவில் வகுப்பே உட்கார்ந்து படம் பார்த்தது. பன்னிரண்டாவது நிமிடத்தில் கடைசி பெஞ்சில் ஒருவன் குறட்டை விட்டான். ப்ராஜெக்ட் கைடு மல்லிகா மேடம் அதைப் படத்தின் ஒலி என்று நினைத்து, ‘இந்த இடத்தில் சவுண்டு பரவாயில்லை’ என்று குறித்துக்கொண்டார். மொத்தப் படத்துக்கும் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

விளக்கு எரிந்தது. மேடம் என்னைப் பார்த்தார்.

“பிரபு, உங்க சித்தப்பாவுக்குப் பேச வராதா?”

“ரொம்ப நல்லாப் பேசுவாரு மேடம்.”

“பிறகு எதுக்கு அவரு வாயக் கட்டி வச்சிருக்க? படத்துல உயிரே இல்ல. பத்து நாள் தாரேன். திருப்பி எடு, திருப்பி வெட்டி ஒட்டு, என்னமும் பண்ணு. வெளியில இருந்து எக்ஸாமினர் வாராரு. இதையே அவருக்குப் போட்டேன்னா நீ ஃபெயிலு.”

பத்தொன்பது திருத்தங்கள் எழுதிய தாள் ஒன்றையும் கையில் கொடுத்தார். சின்னமனூர் பஸ்ஸில் உட்கார்ந்து கவனமாகப் படித்தேன். ‘உயிர் இல்லை’ என்று எழுதியிருந்தார். வெளிச்சம் போதவில்லை என்கிறார் போல என்று எடுத்துக்கொண்டேன். ‘வசனம் செயற்கை’ என்று எழுதியிருந்தார். இன்னும் ஆழமான வசனத்தை எதிர்பார்க்கிறார் என்று புரிந்துகொண்டேன். பஸ் வீரபாண்டியைத் தாண்டுவதற்குள் ஒரு திருத்தத்தை முடித்தும் விட்டேன். டைட்டிலின் எழுத்துருவை மாற்றினேன்.

வீட்டில் அப்பா அதிகம் பேசவில்லை. அவருக்குச் சின்னமனூரில் உரக்கடை. “பாஸாயிட்டா நீ எங்க வேணாப் போ. ஆகலேன்னா அடுத்த நாளே கடைக்கு வந்துரு” என்றார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. யூரியா மூட்டைகளுக்கு நடுவில் எனக்கென்று புது ஸ்டூல் ஒன்றும் வாங்கிப் போட்டிருந்தார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத ஸ்டூல். மகனின் திறமை மீது அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

சித்தப்பா மறுபடியும் நடிக்கச் சம்மதித்தார். ஒரே நிபந்தனை. “தாரு முத்த இன்னும் ஒரு மாசம் கெடக்கு. எதையும் தொடாம, எதுலயும் சாயாம எடுத்துட்டுப் போயிரணும்.”

“நீங்க கவலையே படாதீக சித்தப்பா” என்றேன்.

இந்த முறை யதார்த்தம் வேண்டும் என்பதற்காகச் செல்லையாண்ணனை அழைத்திருந்தேன். வாழைத்தார் வெட்டுவதில் அந்தப் பக்கத்திலேயே கெட்டிக்காரர். சித்தப்பாவுக்குப் பின்னால் அரிவாளோடு சும்மா நடந்து வர வேண்டும், அவ்வளவுதான் வேடம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டங்களில் தார் அறுவடைக்குக் ‘கட்டிங்’ என்று பெயர். வியாபாரியின் ஆள் முன்னால் போய் ஒவ்வொரு தாராகப் பார்ப்பார். முற்றியிருந்தால் “கட்” என்பார். பின்னால் வருபவர் வெட்டி இறக்குவார். செல்லையாண்ணனுக்கு இருபது வருடப் பழக்கம். அந்தச் சொல் காதில் விழுந்தால் மூளையைக் கேட்காமலே கை எழும். வாழைக்கு நடுவில் வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அன்று நான் வாழைத் தோட்டத்துப் பையன் இல்லையே, டைரக்டர் ஆயிற்றே!

ஆனி மாதக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் அந்தக் காற்று வந்துவிட்டால் வாழையிலைகள் போடும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் தும்மினாலும் கேட்காது. கேமரா பிடித்தவன் ராயப்பன்பட்டி ஜெரால்டு. அவனுடைய பழைய கேமராவை ஒருமுறை நிறுத்தினால் மறுபடி ஓடலாமா வேண்டாமா என்று அது ஐந்து நிமிடம் யோசிக்கும். அதனால் அவன் நிறுத்துவதே இல்லை.

“சித்தப்பா, நேரா நடந்து வரணும். திரும்பியே பாக்கக் கூடாது. இது எதிர்காலத்தை நோக்கிய நடை.”

“எதிர்காலத்துல சேறா இருக்கேடா” என்றபடி அவர் நடந்தார்.

“ஆக்‌ஷன்!” சித்தப்பா பத்தடி நடந்தார், வானத்தைப் பார்த்தார், வசனத்தைச் சொன்னார்.

“கட்!” என்று வயிற்றிலிருந்து கத்தினேன். காற்றை மீறிக் கேட்க வேண்டுமே.

டேக் ஓடும்போது சித்தப்பாவின் முகத்தைத் தவிர எதையும் பார்க்க மாட்டேன். கட் சொன்னதும் கேமராவின் முன்னால் வந்து, அவருக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணை மூடிக்கொண்டு ஷாட்டை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். (பெரிய டைரக்டர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று நானாக முடிவு செய்திருந்தேன்.) ஒவ்வொரு டேக்குக்கும் புதுப் பின்னணி வேண்டும் என்று பத்தடி பத்தடியாக முன்னால் நகர்ந்துகொண்டே போனோம். மூன்றாவது டேக் முடிந்ததும் செல்லையாண்ணன் பக்கத்தில் வந்தார்.

“தம்பி, ரொம்பப் பிஞ்சா இருக்கே. பரவாயில்லையா?”

நான் கண்ணைத் திறக்கவில்லை. சித்தப்பாவின் முகபாவத்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன். நடிப்பைப் பற்றி இவ்வளவு நுட்பமாகப் பேசுகிறாரே என்று வியந்தும் போனேன்.

“பிஞ்சா இருந்தாத்தாண்ணே அழகு. நீங்க அப்படியே செய்யிங்க.”

பதினோராவது டேக் முடிந்தது. தண்ணீர் குடிப்பதற்காகச் சித்தப்பா முதல் முறையாகத் திரும்பினார். அவர் நடந்து வந்த பாதை முழுக்க, பத்தடிக்கு ஒன்றாக, பதினொரு செவ்வாழைத் தார்கள் படுத்திருந்தன.

அவர் தண்ணீரை மறந்தார்.

“ஏலே செல்லையா! என்னடா இது?”

“டைரக்டர் தம்பிதாண்ணே கட்டு கட்டுன்னாக. பிஞ்சா இருக்கேன்னு நான் கேக்கக்கூடச் செஞ்சேன். பிஞ்சா இருந்தாத்தான் அழகுன்னாக.”

“அழகுன்னானா?”

“கண்ண மூடிக்கிட்டுச் சொன்னாகண்ணே.”

நான் ஜெரால்டைப் பார்த்தேன். “ஏண்டா, நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த?”

“யதார்த்தம் வேணும்னு நீதான சொன்ன. எனக்கு உங்க சித்தப்பாவோட பெருந்தன்மைய நெனச்சுக் கண்ணே கலங்கிருச்சு.”

சித்தப்பா கீழே கிடந்த வாழைமட்டை ஒன்றை எடுத்தார். நான் ஓட ஆரம்பித்தேன். ஜோல்னாப் பை ஒரு மரத்தில் மாட்டி அங்கேயே நின்றுவிட்டது. ஓடிக்கொண்டே, இந்தக் கேவலம் பதிவாகக் கூடாது என்ற பதற்றத்தில், “ஜெரால்டு, கட்! கட்டுடா!” என்று அலறினேன்.

பன்னிரண்டாவது தார் இறங்கியது.

மூச்சு வாங்கச் சித்தப்பா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். கிடந்த தார் ஒன்றை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு பேசினார். இல்லை, ஏசினார். என்னை, என் தாடியை, என் படிப்பை, என்னைப் படிக்க வைத்த என் அப்பாவை, எதையும் விடவில்லை. நடுநடுவே குரல் இறங்கியது. “இது மோட்டார் ரூம் பக்கத்துக்காரி. போன காத்துல சாஞ்சுபோனவள, முட்டுக் குடுத்து நானும் உங்க சித்தியும் நிமித்துனோம். இங்கன வந்து படுத்துக் கெடக்காளே” என்று தாரைத் தடவினார். உடனே குரல் ஏறியது. “ஏலே, உன் குறியீட்டக் கொண்டுபோயி உங்கப்பன் உரக்கடையில போடுறா!”

எக்ஸாமினர் வர ஐந்து நாள்தான் பாக்கி. இனி அந்தத் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாது. ராயப்பன்பட்டியில் ஜெரால்டு வீட்டில், கம்ப்யூட்டர் முன்னால், எடுத்ததை எல்லாம் போட்டுப் பார்த்தோம். பின்னால் அவனுடைய ஸ்டெல்லா அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். சித்தப்பா வானத்தைப் பார்க்கும்போதெல்லாம் அக்கா துணியைப் பார்த்தார். நான் ‘கட்’ என்று கத்தியதும் துணியை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்தார். நான்காவது தார் விழுந்தபோது அவர் சிரித்த சிரிப்பில் மடித்த துணியெல்லாம் கலைந்தது.

“இதையெல்லாம் ஏண்டா தூக்கிப் போடுறீங்க?”

“அக்கா, அது கட் சொன்ன பிறகு ஓடுறது. படம் அதுக்கு முன்னாடி.”

“முன்னாடி இருக்கிறது வெங்காயம். கட் சொன்ன பிறகு இருக்கிறத மட்டும் சேர்த்துப் போடு. அங்கனதான் எல்லாரும் மனுசங்களா இருக்காங்க.”

எனக்கு ரோஷம் வந்தது. இருந்தாலும் ஸ்டூல் ஞாபகமும் வந்தது. அடுத்த நான்கு நாள் நான் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். ‘ஆக்‌ஷன்’ முதல் ‘கட்’ வரை உள்ள அனைத்தையும் எடுத்து எறிந்தேன். கட்டுக்குப் பிறகு நடந்ததை வரிசையாகக் கோத்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஞானி மாதிரி நிற்கும் என்னையும், என் முதுகுக்குப் பின்னால் மளமளவென்று இறங்கும் தார்களையும் நானே உட்கார்ந்து வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது. மேடம் கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தால், பத்தொன்பதில் பதினெட்டு தானாகவே சரியாகியிருந்தது. மிச்சம் ஒன்று, ‘தலைப்பு புரியவில்லை’. தலைப்பை ‘கட்’ என்று மாற்றினேன்.

எக்ஸாமினர் வரும் நாள். கல்லூரி வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கினார் முருகேசன் சித்தப்பா. தோளில் ஒரு பச்சைத் தார்.

“சித்தப்பா, நீங்க எங்க இங்க?”

“உங்க டீச்சரப் பாக்கணும். புள்ளைகளுக்கு என்ன சொல்லிக் குடுக்குறாகன்னு கேக்கணும். அத்தாட்சி கொண்டாந்திருக்கேன்.”

தடுக்க முடியவில்லை. மேடம் அவரையும் தாரையும் முதல் வரிசையில் உட்கார வைத்து, “படம் முடியட்டும், பேசலாம்” என்றார். விளக்கு அணைந்தது.

ஒன்பது நிமிடப் படம். முதல் தார் விழுந்ததும் ஒரு சிரிப்பு. “பிஞ்சா இருந்தாத்தாண்ணே அழகு” வந்தபோது ஹால் குலுங்கியது. எக்ஸாமினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் படத்தையே பார்க்கவில்லை, சித்தப்பாவின் பிடரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவே இல்லை. திரையில் அவர் மோட்டார் ரூம் பக்கத்துக்காரியைத் தடவியபோது ஹால் சட்டென்று அமைதியானது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. அடுத்த நொடி உரக்கடை வசனம். கூரை பறந்தது. கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆனது.

எக்ஸாமினர் எழுந்து நேராகச் சித்தப்பாவிடம் போனார். “ஐயா, நீங்க நாடக நடிகரா?”

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். (இந்த முறை ஷாட் ஓட்டிப் பார்க்க இல்லை.)

சித்தப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். “தொழிலு விவசாயம் சார். இது ஒரு ஆர்வத்துல பண்றது.”

“அந்தக் கடைசிக் காட்சி அபாரம்.”

“அங்கன இன்னும் நல்லா வைஞ்சிருப்பேன் சார். காத்து கெடுத்துருச்சு.”

புகார் கொடுக்க வந்தவர், அத்தாட்சியைத் தூக்கி எக்ஸாமினரின் கையிலேயே கொடுத்தார். “பழுக்காது சார். பஜ்ஜி போடுங்க, நல்லாருக்கும்.” (அந்த விஷயத்தில் அவர் நிபுணர். மிச்சப் பதினொரு தாரில் எங்கள் இரண்டு வீடும் சாப்பிடாத பதார்த்தம் கிடையாது.)

துறையிலேயே முதல் மதிப்பெண் எனக்கு. அப்பா அந்த ஸ்டூலைப் பிளாஸ்டிக் உறையோடு திருப்பிக் கொடுக்கப் போய், கடைக்காரர் வாங்க மறுத்ததாகக் கேள்வி. நான் இப்போது கொச்சியில் எடிட்டராக இருக்கிறேன். மற்றவர்கள் ‘கட்’ சொன்ன பிறகு என்ன நடந்தது என்பதை முதலில் போட்டுப் பார்ப்பவன் என்று எனக்குத் தொழிலில் நல்ல பெயர்.

ஊரில் நடந்ததுதான் பெரிய விஷயம். அன்றிலிருந்து சித்தப்பா தன் தோட்டத்தில் அந்தச் சொல்லைத் தடை செய்துவிட்டார். வியாபாரியின் ஆளாக இருந்தாலும் “வெட்டு” என்றுதான் சொல்ல வேண்டும். கதை பரவி, பக்கத்துத் தோட்டக்காரர்களும் பயந்துபோய் “வெட்டு”க்கு மாறினார்கள். இது எப்படியோ வெளியூர்த் தமிழ் அன்பர்கள் சிலரின் காதுக்குப் போனது. அறுவடையிலிருந்து ஆங்கிலத்தை விரட்டிய விவசாயி என்று தேனியில் ஒரு விழாவில் மேடையேற்றிச் சால்வை போர்த்தினார்கள். நானும் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலியில் செல்லையாண்ணன்.

மைக்கைக் கொடுத்து, இந்தத் தமிழ் உணர்வு எப்போது வந்தது என்று கேட்டார்கள். சித்தப்பா முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டார்.

“எல்லாம் எங்க அண்ணன் மகன் குடுத்த ஊக்கம்தாங்க” என்றார்.

கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்துக் கை தட்டியது. அந்த ஊக்கம் மொத்தம் பன்னிரண்டு தார் என்பது எங்களைத் தவிர அந்தக் கூட்டத்தில் தெரிந்த ஒரே ஆளான செல்லையாண்ணன், எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டிக்கொண்டிருந்தார்.