சர்வரும் சகலையும் ஒரு யாம் செங்கும்

பொறாமைக்கு மருந்தில்லை என்பார்கள். எனக்கு அந்த நோய் சகலை என்ற பெயரில் வீட்டுக்குள்ளேயே வந்தது.

நானும் சகலை சேவியரும் நிரல் எழுதிப் பிழைப்பவர்கள். நான் எல்லைக்கு இந்தப் பக்கம் ஸ்கூடாயில், அவன் அந்தப் பக்கம் சிங்கப்பூரில். அவன் பேசினால் மாமனார் வாய் பிளந்து கேட்பார். நான் பேசினால் டிவி சத்தத்தைக் கூட்டுவார். எனக்கு வயிறு எரியும். (எரியாதா பின்னே? மூத்த மருமகன் நான்!)

குளுவாங் நகரில் மைத்துனனின் கல்யாண விருந்து. விருந்தினர் கைப்பேசியில் அனுப்பும் படங்கள் மேடைத் திரையில் வரும்படி ஜாவாஸ்கிரிப்டில் எழுதித் தருவதாக நான் மார்தட்டியிருந்தேன். இணையத்தில் வந்து சேரும் படங்களை இறக்கித் தரும் சர்வர் என் மடிக்கணினியிலேயே ஓடும். விருந்துக்கு முந்தின நாள் நான் எழுதிக்கொண்டிருந்தபோது சேவியர் எட்டிப் பார்த்தான். கேட்காமலே நாலு வரி சேர்த்தான்.

"அண்ணே, சர்வர் எழுந்திருக்க நேரமாகும் லா. 'ரெடியா, ரெடியா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கணும். அது பதில் சொன்னப்புறம்தான் திரையைத் திறக்கணும்."

சரியான யோசனை. அதைத்தான் தாங்க முடியவில்லை. அவன் தலை மறைந்ததும் நாலு வரியையும் அழித்துவிட்டு, 'ஐந்து விநாடி பொறுத்துத் திற' என்று என் வரியைப் போட்டேன். வீட்டில் பத்துப் படம் வைத்து ஓட்டினேன். அருமையாகத் திறந்தது. சேவியராவது கீவியராவது!

விருந்தில் மாமனார் கோப்பையைத் தூக்கினார். "யாம் செங் சொல்லலாம்! படம் வந்தப்புறம்தான் 'செங்'!"

நம்மூர்க் கல்யாணத்தில் மூச்சு உள்ளவரை 'யாம்' என்று இழுத்து, 'செங்' என்று முடித்துக் குடிப்பது வழக்கம். மண்டபமே "யாஆஆஆம்" என்று தொடங்க, நான் பொத்தானை அழுத்தினேன்.

ஐந்து விநாடியில் திரை திறந்தது. மணமக்கள் தலைக்கு மேலே 'சர்வர் கிடைக்கவில்லை' என்று கொட்டை எழுத்து. மண்டபமே அனுப்பியிருந்த படங்களை எல்லாம் இறக்க வேண்டியிருந்ததால் சர்வர் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. மறுபடி அழுத்தினேன். அது மறுபடி முதலிலிருந்து எழத் தொடங்கியது; மறுபடி அதே எழுத்து. ஒரு மேசைக்கு மூச்சு வாங்கினால் பக்கத்து மேசை 'யாஆஆம்' என்று பிடித்துக்கொண்டது.

"அலமாக்! மாப்பிள்ளை, எனக்கு மூச்சு முட்டுது!" என்று மைக்கிலேயே அலறினார் மாமனார்.

சேவியர் வந்து குனிந்தான். "என் வரிங்க எங்க அண்ணே?"

"அழிஞ்சுடுச்சு."

"அதுவாவா?"

நான் மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பினேன். அவன் மளமளவென்று தட்டினான். நிரல் கேட்டது, காத்திருந்தது, மறுபடி கேட்டது. கடைசியில் படம் வந்தது: வேர்த்து வழிய, வாய் பிளந்து, மடிக்கணினி முன்னால் நான். அனுப்பியவர், என் மனைவி.

"செங்!"

இன்றும் நான் கார் சாவியைத் தேடினால் போதும், குடும்பமே "யாஆஆம்" என்று இழுக்க ஆரம்பித்துவிடும். சாவி கிடைத்ததும் 'செங்' சொல்லும் உரிமை சேவியருக்கு மட்டும்தான். கைதட்டலும் அவனுக்கேதான்.