முங்கு அண்ணாச்சி விட்ட குமிழி

தாமிரபரணியில் இருக்கிற மீன்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி விசாரித்தாலும், முங்கு அண்ணாச்சியைவிட அதிக நேரம் தண்ணீருக்குள் இருந்ததாக ஒரு கெண்டைகூடச் சத்தியம் செய்யாது. அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. திருநெல்வேலி டவுனில் அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால், அவருடைய அரிசி மண்டி வாசலில் நிற்கிற ஆளே, "அப்படி யாரும் இங்கன இல்லையே" என்று கையை விரித்துவிடுவான்.

தினமும் காலை ஆறு மணிக்குக் குறுக்குத்துறைப் படித்துறையில் அவருடைய கச்சேரி. போட்டியின் விதி ஒன்றே ஒன்றுதான். எல்லோரும் ஒன்றாக முங்க வேண்டும். யார் தலைக்கு மேலே முதலில் குமிழி வருகிறதோ அவன் தோற்றான். வக்கீல்கள், போலீஸ்காரர்கள், மெடல் வாங்கிய கல்லூரி நீச்சல்காரர்கள் எல்லோரும் குமிழி விட்டுத் தலைகுனிந்து போயிருக்கிறார்கள். அண்ணாச்சி மட்டும் குமிழி விட்டதே இல்லை.

ஒருமுறை சென்னையிலிருந்து கல்யாணத்துக்கு வந்த ஒருவர், முங்கின மனிதர் மேலே வரவில்லையே என்று அலறி, கூட்டம் கூட்டி, ஆம்புலன்ஸுக்கும் போன் போட்டுவிட்டார். வண்டி சத்தம் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது அண்ணாச்சி ஆற்றின் நடுவில் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "யாருக்கு வே மேலுக்கு முடியல?" என்று அக்கறையாக விசாரித்தார்.

அவர் முங்குகிற நேரமெல்லாம் படித்துறையில் அவருடைய துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் கோமதி மதினி, அவர் மனைவி. முப்பது வருஷமாக மதினி கணுக்காலுக்கு மேல் ஆற்றில் நனைந்ததில்லை.

"பயமா மதினி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பயம் என்ன தம்பி? ரெண்டு பேரும் உள்ள போயிட்டா துண்டை யாரு பாத்துக்கிடுவா?"

அண்ணாச்சிக்கு அறுபது முடிந்ததும், பெங்களூரில் இருக்கிற மகள் யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்தாள். அண்ணாச்சி மூச்சிரைக்க என் வீட்டுக்கு வந்தார். அவருக்கே மூச்சிரைத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"மக மாலத்தீவுல படகு புக் பண்ணிட்டா வே! ஒரு வாரம். படகுலயே சாப்பாடு, படகுலயே படுக்கை. முழிச்சா கடலுக்குள்ள முங்க வேண்டியதுதான். உமக்கும் சேத்து மூணு டிக்கெட்."

"நான் எதுக்கு அண்ணாச்சி? எனக்கு வாளித் தண்ணியப் பாத்தாலே தலை சுத்தும்."

"உமக்கு இங்கிலீசு வரும்லா."

இருபத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்தியதற்கு இப்படி ஒரு தண்டனை வரும் என்று நான் நினைக்கவில்லை. "அசைவமே தொடாத நீங்க எதுக்கு மீனைத் தேடிப் போகணும்?" என்று கடைசியாக ஒரு வாதம் வைத்தேன். "தின்னாதவன் வந்தாத்தான் மீன் பயப்படாம நிக்கும் வே" என்றார். பிறகு குரலை இறக்கிச் சொன்னார். "முப்பது வருசமா நான் உள்ள கெடக்கேன், அவ படியில கெடக்கா. ஒரே ஒரு தடவை ரெண்டு பேரும் சேந்து தண்ணிக்குள்ள இருக்கணும். அதுக்குத்தான் போறேன்." நான் பாஸ்போர்ட்டைத் தேடப் போனேன்.

நாங்கள் கிளம்பும் முன்பே குறுக்குத்துறைக்காரர்கள் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். நடுவில் அண்ணாச்சி கும்பிட்டபடி சிரிக்கிறார். இரண்டு பக்கமும் இரண்டு சுறா, அவையும் கும்பிடுகிற மாதிரிதான் தெரிந்தது. "கடலே கவனம்! எங்கள் அண்ணாச்சி வருகிறார்!"

மாலத்தீவில் படகு என்றால் நம் ஊர்ப் படகு இல்லை. மூன்று மாடி. எங்களுக்குக் கடலுக்குள் போகச் சொல்லித்தர வந்த பயிற்சியாளரைப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு என் இங்கிலீஷை எடுத்தேன். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும் அந்தப் பெண் சிரித்துவிட்டு, "சும்மா தமிழ்லயே சொல்லுங்க சார். நானும் உங்க பக்கந்தான், உவரிக்காரி. பேரு ஜெசிந்தா" என்றாள். என் உத்தியோகம் அந்த நிமிஷமே போயிற்று. அப்புறம் அந்த வாரம் முழுக்கப் படகின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பது ஒன்றுதான் என் வேலை.

ஜெசிந்தா விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டாள். இரண்டு நாள் இடுப்பளவு தண்ணீரில் பயிற்சி. மூன்றாம் நாள் காலையில் பரீட்சை. தேறினவர்களை அன்றைக்கே கொம்புத் திருக்கை என்கிற ராட்சத மீன்கள் வருகிற இடத்துக்குக் கூட்டிப்போவாள். தேறாதவர்கள் படகில் உட்கார்ந்து இளநீர் குடிக்கலாம்.

"எல்லாத்தையும் மறந்தாலும் ஒண்ணை மட்டும் மறக்காதிய. உள்ள மூச்சைப் பிடிக்கவே கூடாது. முதுகுல சிலிண்டர் இருக்கு, வாயில குழாய் இருக்கு. இழுக்கணும், விடணும். மூச்சை அடக்கிக்கிட்டு மேல வந்தா நெஞ்சுக்குள்ள காத்து ஊதிப் பெருத்து ஆளையே கொன்னுரும்."

"சரி தாயி" என்றார் மதினி. சேலைக்குப் பதில் ரப்பர் உடுப்பு மாட்டியிருந்த வெட்கத்தில் ஜெசிந்தாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அண்ணாச்சி தன் ரப்பர் உடுப்பின் மேல் துண்டைக் கட்டிக்கொண்டு கடலைக் கும்பிட்டார். சிலிண்டரும் குழாயும் மாட்டின கோலத்திலேயே மூக்கைப் பிடித்து மூன்று முங்கு போட்டார். பிறகு அடியில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

மதினியின் தலைக்கு மேல் பால் பொங்குவதுபோலக் குமிழி வந்தது. அண்ணாச்சியின் தலைக்கு மேல் ஒன்றுமே இல்லை. ஜெசிந்தா அவர் தோளைத் தட்டினாள். நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். கெஞ்சினாள். மனிதர் அசையவில்லை. மூன்று நிமிஷம் கழித்துச் சாவகாசமாக எழுந்து நின்று, குழாயைத் துப்பிவிட்டு, வெளிக் காற்றை ஒரு இழு இழுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார். அரைமணி நேரம் இதே கதை. மேலே வந்ததும் சிலிண்டரில் காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற மானியைப் பெருமையாக நீட்டினார்.

"பாத்தியா தாயி, ஒரு பொட்டுக்கூடக் குறையல! அப்படியே இருக்கு. எடுத்து வச்சுக்க, வேற யாருக்காவது ஆகும்."

ஜெசிந்தா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "அண்ணாச்சி, மூச்சு விடத் தெரியாதவகளுக்குச் சொல்லிக்குடுத்திருக்கேன். விடமாட்டேங்கிற ஆளை இப்பத்தான் பாக்கேன்."

இரண்டாம் நாளும் அதேதான். அவருக்கு மனசு இல்லாமல் இல்லை. வாயைத் திறந்து காற்றை விடப் போகும்போது, குறுக்குத்துறையே கரையில் நின்று "அண்ணாச்சி அவுட்டு!" என்று கத்துவதுபோல இருக்கிறதாம். முப்பது வருஷம் கட்டிக் காத்த மானம் தொண்டையில் வந்து அடைத்துக்கொண்டது. சாயங்காலம் ஜெசிந்தா எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"அம்மா பாஸ். நாளைக்குக் காலையில ஒரே ஒரு தடவை பாப்பேன் அண்ணாச்சி. குமிழி வரலைன்னா உங்களைக் கூட்டிப்போக முடியாது. உங்க உசுருக்கு நான்தான் பொறுப்பு."

"இவுக வரலைன்னா நானும் போகல" என்றார் மதினி.

"சும்மா இருட்டி, நீ போய்ட்டு வா" என்றார் அண்ணாச்சி. துண்டை மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "நான் துண்டைப் பாத்துக்கிடுதேன்."

இந்த மனிதருக்காக அழவேண்டி வரும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன்.

மறுநாள் காலை. எல்லோரும் தண்ணீரில் இறங்குகிற நேரத்தில் மதினி திடீரென்று ஜெசிந்தாவின் கையைப் பிடித்தார்.

"தாயி, மூச்சு விடுங்கன்னு சொன்னா இவுகளுக்கு ஏறாது. மூட்டை எண்ணச் சொல்லு."

"எதை எண்ணணும்?"

மதினி விளக்கினார். மண்டியில் லாரியிலிருந்து மூட்டை இறங்கும்போது யாரும் "ஒண்ணு" என்று தொடங்கமாட்டார்கள். முதல் மூட்டைக்கு "லாபம்" என்றுதான் சொல்லவேண்டும். அதுவும் மூட்டை தோளை விட்டுத் தரையில் உட்காருகிறவரை "லாபாஆஆஆம்" என்று நெஞ்சில் இருக்கிற காற்றெல்லாம் தீர ராகமாக இழுக்கவேண்டும். பிறகு "ரெண்டேஏஏஏ". இந்த எண்ணிக்கையில் இன்றுவரை அண்ணாச்சியை மிஞ்ச ஆளில்லை. காய்ச்சல் வந்தால் தூக்கத்திலும் எண்ணுவார்.

"உள்ள போய் லோடு இறக்குங்க" என்றார் மதினி. "நாம எண்ணலைன்னா லாரிக்காரன் ஒரு மூட்டையை அடிச்சிருவான்."

அது போதும். அண்ணாச்சியின் முகமே மாறிவிட்டது. குழாயைக் கடித்தார், உள்ளே போனார். ஒரு விநாடி ஒன்றுமில்லை. இரண்டு விநாடி ஒன்றுமில்லை. கம்பிக்கு மேலே பாதி உடம்பைத் தொங்கவிட்டு எட்டிப் பார்த்தேன். அப்புறம் தண்ணீருக்குள்ளிருந்து எருமை கனைப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. தாமிரபரணி முப்பது வருஷமாகப் பார்க்காத குமிழி, கொத்துக் கொத்தாக, சோற்றுப்பானை கொதிப்பதுபோலக் கடலில் கொப்பளித்தது.

"லாபம் வந்துருச்சு!" என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் விஷயம் புரியாமலே கைதட்டினார்.

அன்று நூற்றுப்பதினாறு மூட்டை இறக்கிவிட்டுத்தான் அண்ணாச்சி எழுந்தார். எழுந்ததும், "மூணு மூட்டை குறையுது வே" என்றார். ஜெசிந்தா அவரைக் கட்டிக்கொண்டாள்.

பத்து மணிக்கு இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு ஆழக்கடலில் இறங்கினார்கள். மதினி முதலில் மேலே வந்தார். வாயிலிருந்து குழாயை எடுத்ததும் ஒரே சத்தம்.

"தம்பி! திருக்கை இத்தாப் பெருசு! நம்ம மண்டி தார்ப்பாய விரிச்சு விட்டாப்ல, தலைக்கு மேலயே பைய மெதந்து போகுது! என்ன, நான் சொல்லுதது சரிதான?"

"ஆமா, பெருசுதான்" என்றார் அண்ணாச்சி.

மதினி உடை மாற்றப் போனதும், "வால் எவ்வளவு நீளம் அண்ணாச்சி?" என்று ஆசையாகக் கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு என் காதருகே வந்தார்.

"வாலைக் கண்டது யாரு வே? இவளுக்குக் குமிழி ஒழுங்கா வருதா, ஒழுங்கா வருதான்னு அதையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். திருக்கை எப்ப வந்துச்சு, எப்பப் போச்சுன்னே தெரியாது. வெளிய சொல்லிராதீரும்."

ஊருக்கு வந்து மூன்று மாசம் ஆகிறது. தினமும் காலையில் குறுக்குத்துறையில் அந்தத் திருக்கையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். முதல் வாரம் தார்ப்பாய் அளவு இருந்தது, இப்போது எங்கள் தெரு அகலத்துக்கு வந்துவிட்டது. வாலுக்கும் ஏதோ அளவு சொல்லுகிறார். நான் வாயே திறப்பதில்லை. இதைப் படித்துவிட்டு நாளைக்கு என்னை வகைதொகையில்லாமல் ஏசப்போகிறார். ஏசட்டும். எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும்.