பாப்பாவின் சைக்கிள் சீட்டு விவகாரம்

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

இடது முழங்கால் நீங்கலாக நான் இங்கே நலம். அக்காவும் பிள்ளைகளும் அங்கே முழுசாக நலமாக இருக்க வேண்டும். விவாகரத்து எனக்கும் உங்கள் தங்கைக்கும்தான் ஆனது. உங்களை மச்சான் என்று கூப்பிடக் கூடாதென்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. உங்கள் மருமகள் பாப்பா சைக்கிள் ஓட்டுகிறாள்! பக்கச் சக்கரம் கிடையாது, பிடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தெருவே வாயைப் பிளக்கிறது. கற்றுக்கொடுத்தது யார் என்று என் வாயால் நானே சொல்லிக்கொள்வது நன்றாக இருக்காது. நான்தான்.

பாப்பா ஒரு வாரம் என்னிடம், ஒரு வாரம் உங்கள் தங்கையிடம். சைக்கிளும் கூடவே போய் வரும். கால் நன்றாக நீண்டால்தான் மிதிக்க வரும் என்று நான் சீட்டை ஏற்றி அனுப்புவேன். திரும்பி வரும்போது சீட்டு தரையைத் தொடாத குறையாக இறங்கியிருக்கும். மெக்கானிக் கடை வைத்திருப்பவன் ஏற்றிய சீட்டை, எலும்பு முறிவு வார்டில் கட்டுப் போடுகிற நர்ஸ் இறக்குவதா? மறுபடி ஏற்றுவேன். அந்த ராட்சசி மறுபடி இறக்குவாள். இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேசினால் சீட்டோடு நிற்காது என்பது உங்களுக்கே தெரியும். இப்படி ஏற்றி இறக்கியதில் நட்டு மழுங்கி, இந்த வாரம் என் ஸ்பானர் வழுக்கிக்கொண்டே இருந்தது. சரி, நாளைக்குப் பார்ப்போம் என்று அவள் இறக்கிய சீட்டோடேயே விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் பாப்பா எங்கள் தெருச் சரிவில் காற்றாக வருகிறாள். கீழே ஒரு தண்ணீர் லாரி ரிவர்ஸில் வந்துகொண்டிருக்கிறது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, மச்சான். நாள் முழுக்க ஊரார் வண்டிக்கு பிரேக் சரிபார்க்கிற நான், பெற்ற பெண்ணுக்கு பிரேக்கைப் பற்றி மூச்சே விடவில்லை! "பாப்பா! பாப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். உயிர் என்னிடம் இல்லை.

பாப்பா இரண்டு பிரேக்கையும் அளவாக அழுத்தி, தாழ்ந்த சீட்டிலிருந்து இரண்டு காலும் எட்ட, தரையில் ஊன்றி, லாரிக்கு ஒரு முழம் தள்ளி நின்றாள். நின்றதோடு விட்டாளா, லாரிக்காரனைப் பார்த்து மணி வேறு அடித்தாள். நான் நிற்கவில்லை. நேராகச் சாக்கடைக்குள் போய் விழுந்தேன்.

"உனக்கு நிறுத்த யாரு சொல்லிக்குடுத்தா?" என்று உள்ளிருந்தபடியே கேட்டேன்.

"அம்மாதான். 'ஓட்டுறதுக்கு அப்பா இருக்காரு, அத அவர விட யாரும் நல்லா சொல்லித்தர முடியாது. நிறுத்துறத நான் சொல்லித்தரேன்'னு சொன்னாங்க. உங்ககிட்ட சொன்னா சண்டை வரும்னு நான்தான் சொல்லல."

அவள் அப்படிச் சொன்னாளாம், மச்சான். என்னைப் பற்றி!

முழங்காலைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், டூட்டியில் இருந்தது யார் என்கிறீர்கள்? அவளேதான்.

"எங்க விழுந்தீங்க?"

"சாக்கடையில."

அவள் கை நின்றுவிட்டது. "பாப்பா?"

"அவ விழல. நின்னுட்டா. நல்லா நின்னா."

முகத்தைத் திருப்பிக்கொண்டு பஞ்சு எடுத்தாள். ரொம்ப நேரம் எடுத்தாள். நன்றி சொல்ல இதுதான் நேரம் என்று தொண்டையைச் செருமினேன். "சீட்டு சரியாத்தான் இருக்கு" என்றுதான் வந்தது.

"நட்ட மாத்துங்க, மழுங்கிப்போச்சு" என்றாள்.

ஆகவே மச்சான், நீங்களாகச் சொல்வதுபோல் அவளிடம் சொல்லுங்கள்: இப்படி ஒரு அம்மா கிடைக்கப் பாப்பா கொடுத்துவைத்திருக்க வேண்டும். எனக்குப் பெருமையில் நெஞ்சு வெடிக்கிறது. நான் சொன்னதாக மட்டும் மூச்சு விடாதீர்கள்.

பெரியவர்களுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
என்றும் உங்கள் மச்சான்

பி.கு.: உறையை ஒட்டச் சொல்லிப் பாப்பாவிடம் கொடுத்தேன். முழுவதையும் படித்துவிட்டு, "இது மாமாவுக்கு இல்லப்பா, அம்மாவுக்கு" என்று விலாசத்தை மாற்றி எழுதிவிட்டாள். நான் தடுக்கவில்லை. ஆகையால் பாப்பா அம்மா, மேலே 'மச்சான்' என்று வரும் இடங்களையெல்லாம் அடித்துவிட்டுப் படி. 'ராட்சசி'யையும் அடித்துவிடு. மற்றதெல்லாம் நிஜம். புது நட்டு போட்டாயிற்று. பாப்பா வளர வளர, சீட்டை எப்போது ஏற்றலாம் என்று நீ சொல், நான் ஏற்றுகிறேன்.