விடுப்பு தர ஆளில்லாத வேலை

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காள் புருஷன் கைகூப்பிச் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுவது. இங்கே யாவரும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. ஆனால் அவள் பேனாவை நிறுத்திவிட்டு என்னை முறைக்கிறாள். ஆகவே, என் மகனின் வலது கை ஒன்றைத் தவிர இங்கே மற்றதெல்லாம் நலம். அங்கே உங்கள் நலத்தையும், தங்கச்சி நலத்தையும், பிள்ளைகளின் படிப்பையும் அறிய ஆவல்.

மகன் பெட்டி, புட்டி, பை இவற்றின் மேல் ஒட்டுகிற படங்களைக் கம்ப்யூட்டரில் வரைகிறவன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒன்பது வருஷம் அச்சகத்தில் மாதச் சம்பளத்துக்கு வரைந்தான். போன வருஷம் பிப்ரவரி பதினொன்று, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, பாதி டீயைக் கீழே வைத்துவிட்டு, “அப்பா, இனிமே நான் ஃப்ரீலான்ஸ். எனக்கு நானே முதலாளி” என்றான். அந்த முதலாளியைப் போல ஈவிரக்கமில்லாத ஒருத்தனை என் ஆயுசில் நான் பார்த்ததில்லை மச்சான். ஞாயிற்றுக்கிழமை கிடையாது. காய்ச்சல் வந்தால் காய்ச்சலோடு உட்காரவைக்கிறான். சாப்பிடும்போது ஒரு கண் தட்டில், ஒரு கண் போனில். மூன்று மாதமாக மணிக்கட்டு வலி. டாக்டர் தொட்டுப் பார்த்துக் கட்டுப் போட்டு, “பத்து நாள் இந்தக் கையால ஒரு கோடு இழுக்கக் கூடாது. இழுத்தா கத்தி வைக்கிறதைத் தவிர வேற வழியில்ல” என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினானோ இல்லையோ, இடது கையால் மவுஸைப் பிடித்துவிட்டான்.

“பத்து நாள் லீவு போடுடா” என்றேன்.

“யார்கிட்டப்பா போடறது?”

“நீதானே முதலாளி? நீயே கேளு, நீயே குடு.”

“குடுத்துக்கலாம். பத்து நாள்ல அஞ்சு பேரும் வேற ஆளைப் பிடிச்சிருவாங்க.”

அந்த ஐந்து பேர் யார் என்றால், சோப்புக்காரர், பிஸ்கட்டுக்காரர், பெயிண்ட்டுக்காரர், மாத்திரைக்காரர், நாய்த்தீனிக்காரர். ஒருத்தருக்கு மற்றவர் இருப்பது தெரியாது. ஒவ்வொருவரும் தனக்காகவே இவன் பிறந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன். ஆனால் முப்பத்தொரு வருஷம் ஆலை வாசலில் காவலுக்கு நின்றவன். நானூற்றுப் பன்னிரண்டு பேரையும் அவரவர் டிபன் டப்பா ஆடுகிற சத்தத்தை வைத்தே இன்னார் என்று சொல்வேன். அத்தனை பேரும் சங்கு ஊதினால் வெளியே வந்துவிடுவார்கள். மெஷின் கெட்டுப்போனால் அவர்களுக்குக் கொண்டாட்டம், சுவரோரம் உட்கார்ந்து கதையளப்பார்கள். இங்கே கம்ப்யூட்டர் ஒரு நிமிஷம் முழித்தால் இவன் முகம் வெளுத்துப்போகிறது. அங்கே மேஸ்திரியைத் திட்ட வேண்டுமென்றால் கூடச் சேர்ந்து திட்ட நாலு பேர் கிடைப்பார்கள். இவன் ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் பளிச்சுனு வேணுமாம்” என்று அதனிடம் சொல்கிறான். பாவம், அது என்ன பதில் சொல்லும்? கேட்டுக் கேட்டு அத்தனையும் தேதியோடு எனக்கு மனப்பாடம். உங்கள் அக்காதான் எழுந்துபோய் மூடிவிட்டு வருகிறாள். வருகிற வழியில் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

அப்புறம் நடந்ததுதான் என் தப்பு. போன வியாழக்கிழமை மதியம் டாக்டர் கொடுத்த மாத்திரையில் பையன் அசந்து தூங்கினான். போன் அடித்தது. எழுப்ப மனசில்லாமல் நான் எடுத்துவிட்டேன். ஒருவர் வைத்தால் அடுத்தவர் என்று ஐந்து பேரும் கூப்பிட்டார்கள். வாசலில் நின்றவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கேட்பவருக்கு உள்ளதைச் சொல்ல வேண்டும். ஒளித்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

சோப்புக்காரர், “எங்க படம் என்னாச்சு பெரியவரே?” என்றார்.

“அது செவ்வாய்க்கிழமையே முடிஞ்சிருச்சுங்க. சனிக்கிழமைதான் அனுப்புவான். சீக்கிரம் குடுத்தா சுலபமான வேலைன்னு நினைச்சுக்குவீங்களாம்.”

பெயிண்ட்டுக்காரர், “எனக்கு அப்புறம்தானே மத்த வேலையெல்லாம்?” என்று கேட்டார். “இல்லீங்க, உங்களுக்கு முன்னாடி நாலு பேர், நாய்த்தீனியையும் சேர்த்து” என்றேன். மாத்திரைக்காரருக்கும் நாய்த்தீனிக்காரருக்கும் அவரவர் வரிசையைச் சொன்னேன். கடைசியில் பிஸ்கட்டுக்காரர். அவரிடம் கொஞ்சம் நீளமாகவே பேசிவிட்டேன். “ஐயா, நீங்க பதினாலு தடவை மாத்தச் சொன்னீங்க. சிவப்பு, கருஞ்சிவப்பு, செங்கல் சிவப்புன்னு தேதியோட சொல்வேன். கடைசியில பிரமாதம்னீங்களே, அது அவன் முதல்ல அனுப்புனதுதான்” என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

மகன் எழுந்தான். “யார்கிட்டப்பா, என்ன சொன்னீங்க?”

“உள்ளதைச் சொன்னேன்.”

“எல்லாத்தையுமா?”

“கேட்டதை மட்டும். பிஸ்கட்டுகிட்ட மட்டும் கேக்காததையும்.”

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். “ஒரே மத்தியானத்துல அஞ்சு வேலையில இருந்து என்னைத் தூக்கிட்டீங்க. எந்த முதலாளியாலயும் இது முடியாதுப்பா.” அதன் பிறகு என்னோடு பேசவில்லை. இடது கையால் ஐந்து பேருக்கும் மன்னிப்புக் கடிதம் தட்டிக்கொண்டிருக்கிறான். அந்தக் கை அசந்தால் வலது கை தானாக உதவிக்கு வருகிறது. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான்.

ஆகவே உங்கள் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். உங்கள் ஆபீசில் படம் வரைகிற பிரிவில் ஓர் இடம் காலி என்று அக்காவிடம் சொன்னீர்களாம். அதை இவனுக்கு வாங்கிக் கொடுங்கள். மேலே ஒரு மின்விசிறி, கீழே ஒரு நாற்காலி, எதிரே திட்டுவதற்கு ஒரே ஒரு ஆள், கை வலித்தால் ஒரு சீட்டு. வேறொன்றும் வேண்டாம். அவனிடம் கேட்டால் மாட்டேன் என்பான். நீங்களே கூப்பிட்டதாக இருக்கட்டும். (இதை எழுத மாட்டேன் என்கிறாள் மருமகள். எழுதும்மா.)

உங்களையும் குடும்பத்தாரையும் நோய்நொடி அண்டாமல் இருக்க, கேட்ட நாளில் கேட்ட லீவு கிடைக்க வாழ்த்தி முடிக்கும்,

உங்கள் அக்காள் புருஷன்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை மருமகள் தபாலில் போடாமல் ஆறு நாள் வைத்திருந்தாள். அதற்குள் பிஸ்கட்டுக்காரர் கூப்பிட்டார். “பெரியவரே, அந்தப் பதினாலையும் தேதியோட சொல்லுங்க, எங்க ஆளுங்களை உட்கார வச்சுக் கேக்கணும்” என்றார். சொன்னேன். “கை நல்லா ஆறட்டும், நாங்க பொறுத்துக்கறோம்” என்று அவரே சொல்லிவிட்டார். சோப்புக்காரரும் மற்றவர்களும் வரிசையாக வந்துவிட்டார்கள். மகன் சொன்னால் நம்ப மாட்டார்களாம், நான் சொல்கிற தேதியைத்தான் நம்புவார்களாம். அதனால் பையன் கையைத் தலையணை மேல் வைத்து நிம்மதியாகத் தூங்குகிறான். அவனுக்கு வேலை எதுவும் பார்க்க வேண்டாம்.

எனக்குப் பாருங்கள். ஐந்து பேரும் விடிந்ததிலிருந்து என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். மதியத் தூக்கம் போய் நாலு நாளாகிறது. நேற்று ஞாயிறு, நாய்த்தீனிக்காரர் நான் குளிக்கும்போது கூப்பிட்டார். கண்ணில் சோப்போடு நின்று பதில் சொன்னேன். லீவு கேட்டால், “யார்கிட்டப்பா கேக்கறீங்க?” என்று சிரிக்கிறான் மகன். எந்த வாசலானாலும் சரி மச்சான், நிற்கிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூட்டுகிற வாசலாக மட்டும் இருக்க வேண்டும்.