புகையின் காரணம் கண்ட சங்கம்

வடக்குக் கியூபெக்கின் காடுகள் எரிவதற்கு முன்னர் சென்ட் லோரன்ட் தமிழ் அறிவோர் சங்கத்திடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குறை காடுகளுடையது, சங்கத்தின்மேல் பழி சொல்ல முடியாது. 2002 யூலையில் புகை வந்து மொன்றியலை மூடி, பட்டப்பகலில் சூரியன் செம்மஞ்சள் பொத்தான் போலத் தெரிந்த அந்த ஞாயிற்றுக்கிழமையே சங்கம் அவசரக் கூட்டத்தைக் கூட்டிவிட்டது. மற்ற நகரவாசிகள் யன்னல் சாத்துவது போன்ற அற்பக் காரியங்களில் ஈடுபட்டிருந்தார்கள்.

சங்கத் தலைவர் நீக்கிலாப்பிள்ளை குடியிருந்த மூன்று மாடிக் கட்டடத்தின் கீழ்த்தள அறையில் கூட்டம் நடந்தது. அங்கே குடியிருக்கும் எல்லாருக்கும் பொதுவான அறைதான். ஆனால் முழுக் கட்டடத்திலும் ஏசி இருந்தது அந்த அறையில் மட்டும். சிந்தனைக்குக் குளிர்ச்சி தேவை. ஆகவே சங்கம் கதவை இறுக்கிச் சாத்தி, 'உள்ளே ஆய்வு நடைபெறுகிறது' என்று எழுதி ஒட்டியிருந்தது.

காரியதரிசி அக்னெஸ் அதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருப்பவள். கிழமை நாட்களில் மருந்துத் தொழிற்சாலையில் குளிசைப் போத்தல்களுக்கு மூடி போடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்துப் பெரியவர்கள் சொல்வதை எழுதுவாள். இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலைதான். என்ன, தொழிற்சாலைப் போத்தலுக்குள் ஏதாவது இருக்கும்.

முதலில் பேசியவர் சென்னைக் கணினிப் பொறியியலாளர் சௌந்தரராஜன்.

"பூமி சூடாயிட்டே இருக்கு சார். யாரு காரணம்? நாமதான் சார்! நாம எரிக்கிற பெட்ரோல்!" என்று மேசையைத் தட்டினார். டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரிலிருந்து காரில் வந்திருந்தார். திரும்பிப் போகும்போது இருக்கை சுடக்கூடாதென்று எஞ்சினையும் ஏசியையும் ஓடவிட்டு வாசலில் நிறுத்தியிருந்தார். கொள்கை பேசுகிறவருக்கு வியர்க்கலாமா?

மறுத்தவர் மூன்றாம் மாடிச் சண்முகலிங்கம்.

"சூடு என்ன புதுசே? காடு எண்டா எரியும். இவங்கள் சருகு கூட்டிறேல்லை, பட்ட மரம் தறிக்கிறேல்லை. பராமரிப்பு இல்லை ஐசே, பராமரிப்பு!" அவருடைய பல்கனியில் பதினோராண்டுப் பத்திரிகைகளும், கால் உடைந்த நாற்காலிகளும், ஒரு பார்பிகியூ அடுப்பும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒற்றுமையுடன் வாழ்ந்து வந்தன.

"அப்ப மின்னல்?" என்றார் தலைவர், கண் விழித்து.

மின்னலுக்காக வாதாட அங்கே எவரும் வந்திருக்கவில்லை. அது தள்ளுபடியானது.

அப்போது கதவு தட்டப்பட்டது. அக்னெஸ் இடுக்கால் பார்த்தாள். மூன்றாம் மாடியில் சண்முகலிங்கத்துக்குப் பக்கத்து வீட்டுக் குணேஸ்வரி நின்றாள். சின்ன வயதிலிருந்தே தொய்வுக்காரி. மாரியென்றாலும் மூச்சு முட்டும், தூசியென்றாலும் முட்டும்.

"பிள்ளை, மேலை இருக்கேலாமல் கிடக்கு. பம்ப் அடிச்சும்... கேக்குதில்லை. கொஞ்ச நேரம் உள்ளுக்கை இருக்கட்டே?"

அக்னெஸ் தலைவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"புகையைப் பற்றிக் கதைக்க வந்தவவோ?" என்று கேட்டார் நீக்கிலாப்பிள்ளை.

"இல்லை அண்ணை, புகையாலை வந்தவ."

"அப்ப நிகழ்ச்சி நிரலிலை இல்லையே. கதவைச் சாத்தும் பிள்ளை, புகை வருது. 'இதர விடயங்கள்' வரேக்கை பாப்பம்."

"அக்கா, படியிலை இருங்கோ. கெதியிலை முடிஞ்சிடும்" என்று சொல்லி அக்னெஸ் கதவைச் சாத்தினாள். சாத்தியது அவளுடைய கைதான்.

கெதியில் முடியவில்லை. கியூபெக் அரசாங்கத்துக்கு அனுப்பும் கடிதத்தில் 'பிரதான காரணம்' என்று எழுதுவதா, 'முக்கிய காரணம்' என்று எழுதுவதா என்பதில் சபை இரண்டாகப் பிளந்தது. கடிதம் தமிழில்தான் போகும் என்பதில் மட்டும் பிளவு இல்லை. அக்னெஸ் எழுதிக்கொண்டிருந்தாள். கதவுக்கு அப்பால் விசிலடிப்பது போல ஒரு மூச்சு கேட்டது. நீண்டது, அறுந்தது, மறுபடி நீண்டது. பிறகு கேட்கவில்லை.

அக்னெஸ் எழுந்தாள்.

"பிள்ளை, குறிப்பு!"

"குறிப்பு கிடக்கட்டும்."

கதவை அகலத் திறந்தாள். குணேஸ்வரி படியில் சரிந்து கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அவளைக் கமக்கட்டில் பிடித்து இழுத்து வந்து, தலைவரை எழுப்பி, ஏசிக்கு நேரே இருந்த அவருடைய நாற்காலியில் இருத்தினாள். அவசர இலக்கமான 911ஐ இரண்டுதரம் பிழையாக அமத்தி, மூன்றாந்தரம் சரியாக அமத்தி, தொழிற்சாலையில் பொறுக்கிய பிரெஞ்சில் கத்தினாள்.

அம்புலன்ஸில் வந்த பெண் ஒக்சிசனை மாட்டிவிட்டு நிமிர்ந்து ஏதோ கேட்டாள்.

"இவ எவ்வளவு நேரமா இப்பிடி எண்டு கேக்கிறா" என்றாள் அக்னெஸ்.

பனியுகம் தொடங்கி எரிந்த காடுகளின் வரலாறு முழுவதையும் அறிந்த அந்தச் சபை, இப்படியொரு கேள்விக்கு ஆயத்தமாக வந்திருக்கவில்லை. அக்னெஸே மணிக்கூட்டைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

குணேஸ்வரி பிழைத்தாள். செவ்வாய்க்கிழமை வீட்டுக்கும் வந்துவிட்டாள். ஆனால் சங்கத்தின் மகத்தான சாதனை அதற்காகக் காத்திருக்கவில்லை. அம்புலன்ஸ் தெருமுனை திரும்பும்போதே தலைவர் இருமினார்.

"இந்த அறைக்குள்ளை எப்பிடிப் புகை வந்தது?"

"கதவைத் திறந்துட்டாங்க சார்" என்றார் சௌந்தரராஜன்.

"அதுதானே! திறந்தா வராமல் என்ன செய்யும்?" என்றார் சண்முகலிங்கம்.

இருவரும் ஒருவரையொருவர் வியப்போடு பார்த்துக்கொண்டார்கள். கைகூடக் குலுக்கினார்கள். பிரதானமா முக்கியமா என்று எவரும் கேட்கவில்லை. 'அறைக்குள் புகை வந்ததற்கு ஒரே காரணம், காரியதரிசி அக்னெஸ் கதவைத் திறந்தமை' என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

"எழுதும் பிள்ளை."

அக்னெஸ் எழுதினாள். அதன்கீழ் இன்னும் இரண்டு வரி சேர்த்து, முதல் ஆளாகத் தானே கையொப்பமிட்டு நீட்டினாள். பெரியவர்கள் மூவரும் தங்கள் தங்கள் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று உன்னிப்பாகப் பார்த்தார்கள். இல்லை. திருப்தியோடு கையொப்பமிட்டார்கள். அந்த இரண்டு வரி இவை:

'கதவு மூடியிருந்த நேரம்: நாற்பது நிமிடம்.

மூச்சுக்குத் தவித்தவளை வெளியே வைத்து அதை மூடியிருந்தவர்கள்: அக்னெஸ், நீக்கிலாப்பிள்ளை, சௌந்தரராஜன், சண்முகலிங்கம்.'